விடுமுறை விருந்தும் உடல் நலமும்

(வளைகுடா நாடுகளிலிருந்து விடுமுறைக்கு ஊர் வந்துள்ள சகோதரர்களுக்கும் அவர்களின் குடும்பத்தாருக்கும் நமது அறக்கட்டளை நடத்திய மருத்துவ ஆலோசனை முகாமில், பொதுநல மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

எனக்குத் தந்திருக்கும் தலைப்பைப் பார்த்ததும், "டாக்டர் வந்து பிரியாணி சாப்பிடாதே என்று சொல்லப் போகிறார்" என்று பலர் நினைத்திருப்பீர்கள். அதைச் சொல்ல நான் வரவில்லை. ஓராண்டு, ஈராண்டு கழித்து ஊருக்கு வருகிற மனிதனிடம் விருந்துக்குப் போகாதே என்று சொல்வது நியாயமும் இல்லை. சொன்னாலும் யாரும் கேட்கப் போவதில்லை. விருந்தோம்பல் நம் மார்க்கம் வலியுறுத்தும் பண்பு. அழைத்தால் போக வேண்டும், போனால் மனம் கோணாமல் உண்ண வேண்டும். ஆனால் விருந்தும் நடக்க வேண்டும், உடலும் கெடக் கூடாது. இரண்டுக்கும் வழி இருக்கிறது. அதைத்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

நாற்பத்தைந்து நாளில் என்ன நடக்கிறது?

ஒரு சபுராளியின் விடுமுறையை எடுத்துக்கொள்வோம். அங்கே அவர் ஓர் அறையில் ஆறு பேரோடு இருக்கிறார். முறை வைத்துச் சமைக்கிறார்கள்; இல்லையென்றால் மெஸ் சாப்பாடு. காலையில் டீயும் குப்பூஸும், மதியம் டப்பாவில் கட்டிய சோறு, இரவு பத்து மணிக்கு மேல்தான் நிம்மதியாக ஒரு சாப்பாடு. ஆனால் நாள் முழுக்க நிற்கிறார், நடக்கிறார், பாரம் தூக்குகிறார்.

ஊருக்கு வந்ததும் இரண்டும் தலைகீழாக மாறுகின்றன. காலையில் இடியாப்பமும் பாயாவும். பதினொரு மணிக்கு ஒரு வீட்டில் டீ, சமோசா. மதியம் மாமி வீட்டில் பிரியாணி, தாலிச்சா, பொரித்த கோழி, பிர்னி. அஸருக்குப் பிறகு மச்சான் வீட்டில் கடல்பாசி, தம்ரூட். இரவு நண்பர்களோடு புரோட்டா. இவ்வளவும் சாப்பிடுகிற மனிதர் நடப்பது வீட்டு வாசலிலிருந்து பைக் நிற்கும் இடம் வரை மட்டும்தான்.

ஒரு கணக்குப் போடுவோம். வழக்கத்தைவிட நாளொன்றுக்கு 500 கலோரி கூடுதலாக உள்ளே போகிறது என்று வையுங்கள். இது பெரிய அளவே இல்லை. ஒரு மேசைக்கரண்டி நெய்யில் சுமார் 120 கலோரி. ஒரு கப் சோற்றில் சுமார் 200 கலோரி. அப்படியே 45 நாள் போனால் 22,500 கலோரி. ஒரு கிலோ கொழுப்பு சேர சுமார் 7,700 கலோரி என்பது பொதுவான கணக்கு. அப்படியானால் ஏறக்குறைய மூன்று கிலோ எடை கூடும். திரும்பிப் போனதும் அந்த மூன்று கிலோ குறைவதில்லை. அடுத்த விடுமுறையில் அதன்மேல் இன்னும் மூன்று கிலோ ஏறுகிறது.

எடை கூடுவதைக் கண்ணால் பார்க்கலாம். சர்க்கரை கூடுவதைப் பார்க்க முடியாது. 2023ஆம் ஆண்டு வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நம் நாட்டில் ஏறத்தாழ 10 கோடிப் பேருக்கு நீரிழிவு நோய் இருப்பதாகச் சொல்கிறது. அதற்கு முந்தைய நிலையில் இருப்பவர்கள் அதைவிடவும் அதிகம். இந்தக் கூட்டத்திலும் தனக்குச் சர்க்கரை இருப்பது தெரியாமலேயே அமர்ந்திருப்பவர்கள் நிச்சயம் இருப்பார்கள்.

சபுராளியின் உடல் அவருக்கு மட்டும் உரியதல்ல. அவர் உடம்பை நம்பி இங்கே ஒரு வீடு நடக்கிறது. பிள்ளைகளின் படிப்பு, தங்கையின் திருமணம், வாப்பாவின் மருந்துச் செலவு எல்லாம் அதை நம்பித்தான் இருக்கின்றன. காலில் ஆறாத ஒரு புண் வந்துவிட்டால் அங்கே வேலை பார்க்க முடியாது. அறையில் தனியாகப் படுத்திருக்கும்போது ஒரு டம்ளர் வெந்நீர் வைத்துத் தரவும் ஆள் இல்லை. அதனால்தான் விடுமுறைச் சாப்பாட்டை வெறும் சாப்பாட்டு விஷயமாக நான் பார்ப்பதில்லை.

எதற்காக ஏங்கினீர்கள்?

என்னிடம் வரும் சபுராளிகளிடம் ஒரு கேள்வி கேட்பேன்: "அங்கே இருக்கும்போது எந்தச் சாப்பாட்டை நினைத்து ஏங்கினீர்கள்?" கொஞ்சம் யோசித்துவிட்டுப் பதில் சொல்வார்கள். உம்மா வைக்கும் மீன் குழம்பு என்பார் ஒருவர். முருங்கைக்கீரை, புளியாணம் என்பார் இன்னொருவர். காலையில் பிடித்து வந்த மீனைப் பொரித்து, சுடுசோற்றில் ரசம் ஊற்றிச் சாப்பிட வேண்டும் என்பார் மற்றொருவர். வெறும் கஞ்சியும் துவையலும் போதும் என்று சொன்னவர்களும் உண்டு.

பிரியாணி என்று சொல்பவர் குறைவு. காரணம், பிரியாணியும் புரோட்டாவும் பொரித்த கோழியும் துபாயிலும் ரியாத்திலும் தோஹாவிலும் தெருவுக்குத் தெரு கிடைக்கின்றன. வெள்ளிக்கிழமைதோறும் அங்கே அவர்கள் சாப்பிடுவது அதைத்தான். கிடைக்காதது வீட்டுச் சாப்பாடு. ஆனால் ஊருக்கு வந்ததும், அங்கே தெருவில் கிடைப்பதையே இங்கே வீட்டுக்கு வீடு கொடுக்கிறோம். ஏங்கிய சாப்பாடு மறந்துபோகிறது. விடுமுறை முடியும்போது, "உம்மா, உங்க கையால ஒரு நாள்கூட ஒழுங்கா மீன் ஆணம் சாப்பிடலையே" என்று சொல்லிவிட்டு விமானம் ஏறுகிறார்.

ஆகவே என் முதல் ஆலோசனை இதுதான். ஊருக்கு வந்த முதல் நாளே, சாப்பிட ஆசைப்படும் பத்து உணவுகளை எழுதிக் கொள்ளுங்கள். வட்டலப்பம் வேண்டுமா, எழுதுங்கள். நெய்ச்சோறு வேண்டுமா, எழுதுங்கள். அவற்றை ஆசை தீரச் சாப்பிடுங்கள். அந்தப் பட்டியலில் இல்லாத ஒன்று தட்டில் வரும்போது, ஒரு வாய் சுவைத்துவிட்டுப் போதும் என்று சொல்லுங்கள். பட்டியலைப் பார்த்தால் பாதிக்கு மேல் மீனும் கீரையும் பருப்பும்தான் இருக்கும். ஆசைப்பட்டதைச் சாப்பிடுவதும் நல்லதைச் சாப்பிடுவதும் பெரும்பாலும் ஒன்றாகவே இருப்பதை நீங்களே காண்பீர்கள்.

ஒரு நாளைக்கு ஒரு விருந்து

இரண்டாவது ஆலோசனை, ஒரு நாளைக்கு ஒரு விருந்து போதும் என்பது. மதியம் விருந்து என்றால் காலையில் இரண்டு இட்லியோ, ஒரு முட்டையும் கொஞ்சம் அவித்த சிறுபயறுமோ போதும். இரவு ரசமோ, கொஞ்சம் கஞ்சியோ, மீனும் காய்கறியுமோ வைத்துக்கொள்ளுங்கள். மூன்று வீட்டார் ஒரே நாளில் அழைத்தால் ஒரு வீட்டில் சாப்பாடு, ஒரு வீட்டில் சர்க்கரை இல்லாத டீ, மூன்றாவது வீட்டுக்கு வேறொரு நாள் என்று பேசிக்கொள்ளலாம். அன்பாகச் சொன்னால் யாரும் வருத்தப்பட மாட்டார்கள்.

இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. மதியம் விருந்து என்பதற்காகக் காலையில் பட்டினி கிடக்காதீர்கள். பட்டினி கிடந்தவர் பந்தியில் இரண்டு மடங்கு சாப்பிடுவார். சர்க்கரைக்குக் கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளோ இன்சுலினோ எடுப்பவர்களுக்கு இது ஆபத்தும்கூட. மாத்திரையைப் போட்டுவிட்டு மூன்று மணி வரை பிரியாணிக்குக் காத்திருந்தால் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கிவிடலாம். வியர்வை, நடுக்கம், படபடப்பு, தலைச்சுற்றல் வந்தால் உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடியுங்கள். பதினைந்து நிமிடம் கழித்து மீண்டும் சோதித்துப் பாருங்கள். மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. உடனே மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும்.

சஹனில் உட்காரும்போது

நம் விருந்துகளில் சஹனில் சேர்ந்து உண்கிறோம். அழகான பழக்கம் அது. ஆனால் நான்கு பேர் ஒரு தட்டில் சாப்பிடும்போது யார் எவ்வளவு சாப்பிட்டோம் என்பது தெரியாது. சோறு குறையக் குறைய மேலே கொட்டிக்கொண்டே இருப்பார்கள். இதற்கு நபி (ஸல்) அவர்களின் வழிகாட்டலிலேயே பதில் இருக்கிறது. தட்டில் தனக்கு அருகில் இருப்பதிலிருந்து உண்ண வேண்டும் என்று ஒரு சிறுவருக்கு அவர்கள் கற்றுக் கொடுத்தார்கள். அந்த ஒழுங்கைக் கடைப்பிடித்தால் உங்கள் பக்கம் எவ்வளவு இருக்கிறதோ அதுவே உங்கள் அளவு. அது தீர்ந்ததும் கை கழுவ எழுந்துவிடலாம்.

வயிற்றில் மூன்றில் ஒரு பங்கு உணவுக்கு, ஒரு பங்கு தண்ணீருக்கு, ஒரு பங்கு மூச்சுக்கு என்ற நபிமொழியும் நீங்கள் அறிந்ததுதான். இதில் மருத்துவ உண்மை ஒன்றும் இருக்கிறது. சாப்பிடத் தொடங்கிச் சுமார் இருபது நிமிடம் கழித்துத்தான் வயிறு நிறைந்த உணர்வு நமக்கு முழுமையாகத் தெரியவரும். பந்தியில் பத்தே நிமிடத்தில் சாப்பிட்டு எழுகிறோம். அதனால் நிதானமாக மென்று, பேசிச் சாப்பிடுங்கள்.

சாப்பிடும் வரிசையும் முக்கியம். முதலில் தயிர்ப் பச்சடி, வெள்ளரிக்காய், கத்தரிக்காய், இறைச்சி ஆகியவற்றைச் சாப்பிடுங்கள். சோற்றைப் பிறகு எடுங்கள். காய்கறியும் புரதமும் முதலில் உள்ளே போனால், அதே அளவு சோறு சாப்பிட்டாலும் சர்க்கரை குறைவாகத்தான் ஏறும். சோறும் புரோட்டாவும் ஒரே வேளையில் வேண்டாம், ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். இனிப்பு மூன்று வகை இருந்தால் பிடித்த ஒன்றில் நான்கு கரண்டி போதும். பேரீச்சம்பழம் நல்லதுதான், ஆனால் அதிலும் சர்க்கரைதான் இருக்கிறது. நீரிழிவு உள்ளவர்களுக்கு ஒன்றிரண்டு போதும்.

பிரியாணிக்குப் பிறகு பாட்டில் குளிர்பானம் குடித்தால் செரித்துவிடும் என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமாக இருக்கிறது. ஏப்பம் வருவது செரிமானம் அல்ல. அது பானத்தில் இருக்கும் வாயு வெளியே வருவது. 300 மில்லி கோலா பானத்தில் ஏறத்தாழ 30 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கும். ஆறு, ஏழு தேக்கரண்டி அளவு. ஏற்கெனவே சோற்றால் ஏறப்போகும் சர்க்கரைக்கு மேல் இதையும் சேர்க்கிறோம். சர்க்கரை போடாத எலுமிச்சைச் சாறு, நீர் மோர், வெறும் தண்ணீர் ஆகியவை போதும்.

சாப்பிட்டதும் படுக்காதீர்கள். பத்து, பதினைந்து நிமிடம் மெதுவாக நடங்கள். சாப்பாட்டுக்குப் பின் நடக்கும்போது தசைகள் இரத்தத்தில் இருக்கும் சர்க்கரையை எடுத்துக்கொள்கின்றன. ஃபஜ்ர் தொழுகைக்கு நடந்தே போய் வாருங்கள். பக்கத்துத் தெருவில் இருக்கும் சாச்சா வீட்டுக்கு பைக் எதற்கு? நடந்து போனால் வழியில் நாலு பேருக்கு ஸலாம் சொல்லலாம். ஊரைப் பார்த்த மாதிரியும் இருக்கும்.

குடும்பத்தோடு வெளியூர் போகும்போது

விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு குற்றாலம், கொடைக்கானல், ஊட்டி என்று போவீர்கள். வேனில் கிளம்பும்போதே அவித்த முட்டை, வேர்க்கடலை, வாழைப்பழம், கொய்யா, போதிய தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். வழியெல்லாம் சிப்ஸ் பாக்கெட்டும் பாட்டில் பானமும் வாங்கும் செலவும் மிச்சம். குற்றாலம் போனால் செங்கோட்டைப் பக்கத்து பார்டர் புரோட்டாவைச் சாப்பிடாமல் வர மனம் வராது. சாப்பிடுங்கள். நாலு புரோட்டாவைச் சால்னாவில் ஊறவைத்துத் தின்பதற்குப் பதில், இரண்டு புரோட்டாவும் நாட்டுக்கோழியும் வெங்காயமும் வைத்துக்கொள்ளுங்கள். அருவியில் குளித்த பசிக்கு அது போதும். சர்க்கரை நோயாளிகள் அங்கே வெறுங்காலோடு நடக்க வேண்டாம். காலில் உணர்ச்சி குறைந்தவர்களுக்குக் கல் குத்தினால் தெரியாது. இரவு படுக்கும் முன் பாதத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மருந்தை மறக்காதீர்கள்

விடுமுறை உங்களுக்குத்தான், நோய்க்கு இல்லை. "ஊர்ல இருக்கிற வரைக்கும் மாத்திரை வேண்டாம், போய்ப் பார்த்துக்கலாம்" என்று விட்டுவிடுகிறவர்கள் பலர். இரத்த அழுத்த மாத்திரையைத் திடீரென நிறுத்துவது ஆபத்தானது. விடுமுறை நாள்களுக்கும் அதற்கு மேல் ஒரு வாரத்துக்கும் சேர்த்து மருந்து கொண்டு வாருங்கள். மருந்துச் சீட்டையும் கையோடு வைத்திருங்கள்.

இன்சுலினைக் கைப்பையில்தான் கொண்டு வர வேண்டும். சரக்குப் பெட்டியில் வைத்தால் குளிரில் உறைந்துவிடலாம். ஒருமுறை உறைந்த இன்சுலின் பயன்படாது. ஊரில் வெயில் காலத்தில் பைக் பெட்டியிலோ காரிலோ விட்டுவிடாதீர்கள். சவூதிக்கும் நமக்கும் இரண்டரை மணி நேரம், அமீரகத்துக்கும் நமக்கும் ஒன்றரை மணி நேரம் வித்தியாசம். இன்சுலின் போடுகிறவர்கள் வந்ததும் நேரத்தை எப்படி மாற்றுவது என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வந்த முதல் வாரத்தில் வெறும் வயிற்றிலும், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்தும் சர்க்கரை பாருங்கள். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் சோதனையும் செய்யுங்கள். அங்கே நீங்கள் எப்படி இருந்தீர்கள் என்பதை அது சொல்லும். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு மீண்டும் ஒருமுறை வெறும் வயிற்றில் பாருங்கள். கூடியிருந்தால் மருந்தைச் சரிசெய்துகொண்டு போகலாம்.

அழைக்கிறவர்களுக்கு

இனி நான் சொல்லப் போவது சபுராளிகளுக்கு அல்ல, அவர்களை விருந்துக்கு அழைக்கும் நமக்கு. "என்ன மாப்பிள்ளை, இவ்வளவுதானா? எங்க வீட்டுச் சாப்பாடு பிடிக்கலையா?" என்று ஒரு கேள்வி கேட்கிறோம். அந்த ஒரு கேள்வியால் வேண்டாம் என்று எழுந்தவர் மறுபடி உட்காருகிறார். கேட்பவரின் மனதில் அன்புதான் இருக்கிறது. ஆனால் அந்த அன்பு அவர் இரத்தத்தில் சர்க்கரையாக ஏறுகிறது. இனிமேல் "என்ன சாப்பிட ஆசைப்படுறீங்க?" என்று முதல் நாளே கேளுங்கள். மீன் ஆணமும் கீரையும் என்று சொன்னால், அது விருந்துக்கு மரியாதை இல்லையே என்று நினைக்காதீர்கள். அவர் மனதுக்குப் பிடித்ததைக் கொடுப்பதே மரியாதை. மூன்று இனிப்புக்குப் பதில் ஓர் இனிப்பும் நறுக்கிய பழமும் வையுங்கள்.

விருந்தினருக்கான சிறப்புக் கவனிப்பு ஒரு பகலும் ஓர் இரவும், விருந்தோம்பல் மூன்று நாள், அதற்கு மேல் செய்வது தர்மம் என்று நபிமொழி எல்லை வகுத்திருக்கிறது. நாமோ ஒன்றரை மாதம் முழுவதையும் சிறப்புக் கவனிப்பாக்கிவிட்டோம். கடன் வாங்கி விருந்து வைக்கிற வீடுகளும் நம்மிடையே இருக்கின்றன.

தாய்மார்களுக்கும் சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. இந்த விருந்துகளை எல்லாம் அடுப்படியில் நின்று ஆக்குகிறவர்கள் நீங்கள். எல்லோரும் சாப்பிட்டு முடித்து, பாத்திரம் கழுவி, நான்கு மணிக்கு மீதிச் சோற்றையும் மீதி இனிப்பையும் "வீணாப் போகுதே" என்று சாப்பிடுகிறீர்கள். சர்க்கரை மாத்திரை போட்ட லாத்தா நான்கு மணி வரை பட்டினி கிடக்கக் கூடாது. உங்கள் தட்டை முதலிலேயே எடுத்து வையுங்கள்; நேரத்துக்குச் சாப்பிடுங்கள். மீதியைப் பக்கத்து வீட்டு ஏழைக்குக் கொடுங்கள். மகன் வந்த சந்தோஷத்தில் வாப்பாவும் உம்மாவும் அவனோடு சேர்ந்து தினமும் விருந்து சாப்பிடுவார்கள். அவர்களின் வயதுக்கும் பிரஷருக்கும் அது தாங்காது. மகன்தான் அதைக் கவனிக்க வேண்டும்.

அன்பானவர்களே, உண்ணுங்கள், பருகுங்கள், ஆனால் வரம்பு மீறாதீர்கள் என்ற கருத்தை அல்குர்ஆனின் அல்அஃராஃப் அத்தியாயம் 31ஆம் வசனத்தில் அல்லாஹ் நமக்குச் சொல்கிறான். உண்ண அனுமதித்த அதே இடத்தில்தான் அளவையும் சொல்லியிருக்கிறான். இரண்டையும் சேர்த்தே எடுத்துக்கொள்வோம்.

உரை முடிந்ததும் பக்கத்து அறையில் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்க்கிறார்கள். விடுமுறைக்கு வந்தவர்கள் மட்டுமல்ல, அவர்களோடு வந்திருக்கும் பெற்றோரும் மனைவியும் பார்த்துக்கொள்ளுங்கள். இன்று மதியம் எங்கேயாவது விருந்து இருந்தால், போவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

நம் அனைவருக்கும் நோயற்ற வாழ்வையும், ஹலாலான உணவில் பரக்கத்தையும், பயணம் போகிறவர்களுக்குப் பாதுகாப்பையும் வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.